இரட்டை மகப்பேறு



சிகிச்சையாற் கருவான இரட்டையர், இயல்பாய்க் கருவானோரினும் நலிந்தவரென நம்மிற் சிலர் மருமகளிரை நோகச் சொல்லுகின்றனர். 1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்னும் பெண்மகவு, உடற்குப் புறத்தே கருக்கூட்டப்பெற்றுப் பிறந்தது. அதன்பின் மருத்துவர் ஆராய்ந்து கண்டதோ, இருசார் இரட்டையரிடையும் வேற்றுமை சிறிதென்பதே. எவ்வழிக் கருவாயினும், இரட்டையருட் பாதிக்குமேற்பட்டோர் 37 வாரம் நிரம்புமுன் பிறக்கின்றனர். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வோர்க்கு இடர் மிகுதி. அத்தகையோர் விகிதம் இயற்கைக் கருவிலேயே அதிகம். ஆகவே, இடர்க்குப் பெருங்காரணம் கரு வந்த வழியன்று. ஒரு வயிற்றில் இரண்டு வளர்தலே.

மகவுக்கேங்கினோர், ஒருமுறையிலேயே இரண்டு வேண்டுமென மருத்துவரை மன்றாடுதலை நாம் அறிவோம். சுவீடன் தேசத்தார் 2003-ஆம் ஆண்டில், பெரும்பாலும் ஒரு கருவே வைத்தல் வேண்டுமென விதித்தனர். மகப்பேறு பெரிதுங் குறையாமலே இரட்டைப்பேறு மிகக் குறைந்தது. ஆதலின் ஒன்றையே வேண்டுவோமாக. இரண்டு வந்துற்றாலோ, பழி கூறாது தாயைப் பேணுவோமாக.