கண் திறந்த தியானம்

மாசிப் பனி மெல்ல விலகிப் பங்குனி வெயில் மலைச்சரிவுகளில் ஏறத் தொடங்கும் நாட்களில் வத்தேகமையின் சுற்றுப்புறம் தனியழகு பெறுகின்றது. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த இச்சிறு பட்டணத்தில் காலையில் நின்று கிழக்கே நோக்கினால், மடக்கிய கையின் விரல்முட்டுகளைப் போல நக்கிள்ஸ் மலைத்தொடர் மூடுபனிக்கு மேலே தலைகாட்டும். தேயிலைச் செடிகளுக்கு நிழல் தர நட்ட முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்பூச் சொரிந்து நிற்கும். எங்கோ ஒரு மறைவில் குயில் கூவும். நாக மரங்களில் தளிர் செந்நிறமாய் வெடிக்கும். பின்னர் சித்திரையில் கொன்றை பொன்மாலை தொங்கவிடும்.

மேனாட்டார் கூறும் நால்வகைப் பருவங்கள் நம் தீவில் இல்லை. ஆயினும் வசந்தம் இங்கு வராமல் இல்லை. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்து வளர்பிறையில் காமன் கம்பம் நட்டுக் காமன் கூத்து ஆடுவது வசந்தத்தை வரவேற்கும் விழாவே அன்றோ? அக்கூத்தின் கதையை நாம் அனைவரும் அறிவோம். தியானத்தில் அமர்ந்த சிவபெருமான்மீது வசந்தனைத் துணையாகக் கொண்ட மன்மதன் மலர்க்கணை தொடுக்கின்றான். பெருமான் நெற்றிக்கண் திறக்கின்றார். காமன் சாம்பலாகின்றான். ஒருபுறம் விரும்பிப் பற்றும் பார்வை. மறுபுறம் தியானத்தில் ஊறிய பார்வை. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே அக்கதையின் உயிர்நிலை.

இவ்விரு பார்வைகளும் நம் காலத்தில் ஒரு சிறு கருவிக்குள் குடிபுகுந்துள்ளன. அக்கருவி கமரா. வசந்தத்தின் அழகைக் கண்டதும் அதனைத் தனதாக்கிக்கொள்ள விழைந்து கமராவை உயர்த்துவோர் பலர். அதே கமராவைக் கையில் ஏந்தி, கண்டதன்முன் வாய் பேசாது நின்று, அதனை ஒரு வழிபாடாகச் செய்தோரும் சிலர் உண்டு. அத்தகையோருள் ஒருவர் கண்டிக்கு வந்து சென்றிருக்கின்றார். அவரைப் பற்றிக் கூறுவதற்கு முன், நிழற்படம் இம்மலைநாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதைச் சற்று நோக்குதல் பொருந்தும்.

நிழற்படக் கலை 1839 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உலகறிய வெளிப்பட்டது. 1870களில் கண்டியிலேயே ஸ்கோவன் என்பாரின் நிலையம் இயங்கிற்று. தோட்டங்கள், மரஞ்செடிகள், ஆறுகள், மனிதர்கள் ஆகிய எல்லாம் படங்களாகிப் பயணிகளின் கைக்கு விலைப்பொருளாயின. கூடை சுமந்து கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவம் பின்னர் உலகெங்கும் அஞ்சலட்டைகளில் சென்றது. அவள் பெயர் அவளுடன் செல்லவில்லை.

1875 ஆம் ஆண்டில் ஜூலியா மார்கரட் கமரன் என்னும் அம்மையார் இலங்கைக்கு வந்தார். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தில் பெயர் விளங்கும் சார்ல்ஸ் ஹே கமரனின் மனைவி அவர். நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் கமராவைத் தொட்டு, இங்கிலாந்தின் பேரறிஞர்களின் முகங்களைப் படமாக்கிப் புகழ்பெற்றவர். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் பிடித்து, உடனே கழுவ வேண்டும். எதிரே அமர்ந்தவர் பல விநாடிகள், சில வேளைகளில் நிமிடக்கணக்கில், அசையாதிருத்தல் வேண்டும். படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் அது ஒரு சிறு தவமே. களுத்துறையில் வாழ்ந்தபோது அம்மையார் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சிலரையும் படம் எடுத்தார். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் அத்தொழிலாளரின் முகங்களில் ஒளி ஆழ்ந்து நிற்கின்றது. எனினும், இங்கிலாந்தின் கவிஞருக்கும் அறிஞருக்கும் பெயரெழுதி வைத்த அக்கலை, இவர்கள் பெயரைக் காத்துத் தரவில்லை. 1879 ஆம் ஆண்டில் டிக்கோயாப் பகுதியில் காலமான அம்மையார் பொகவந்தலாவையில் துயில்கின்றார். அழகைக் காணும் கண் மட்டும் வழிபாட்டிற்குப் போதாது. காணப்படுவோரை மதிக்கும் நெஞ்சும் வேண்டும் என்பதை அப்பெயரில்லா முகங்கள் இன்றும் நமக்கு உணர்த்துகின்றன.

அந்நெஞ்சு எவ்வாறு அமையும்? இதற்கு விடை தேடிய ஒருவர் நம்மவரே. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராய் இருந்தவர். கற்களை ஆராயச் சென்றவர் கிராமங்களில் கைவினைஞரைக் கண்டார். கண்டிய இராச்சியத்துக் கலைகளைப் பற்றி 1908 ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலின் படங்களை அவர் மனைவியார் எதெல் எடுத்துதவினார். விகாரைகளில் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை அந்நூல் விரித்துரைக்கின்றது. கண் எழுதும் சிற்பி சிலையை நேரே நோக்குவதில்லை. எதிரே பிடித்த கண்ணாடியில் அதன் பிம்பத்தை நோக்கியே எழுதுகின்றான். புனிதமானதை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கலாகாது என்னும் அடக்கம் அச்செயலில் உள்ளது.

உருவம் செய்பவன் உளி எடுக்குமுன் தியானத்தில் அமர்ந்து, உருவத்தை அகத்தில் கண்டு, பின்னரே புறத்தில் வடித்தல் வேண்டும் என்னும் நம் சிற்ப நூற் கொள்கையைக் குமாரசுவாமி மேனாட்டாருக்கு எடுத்துரைத்தார். பிற்காலத்தில் பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் பணியாற்றியபோது, அமெரிக்க நிழற்படக் கலைஞர் அல்பிரெட் ஸ்டீக்லிட்ஸின் படங்களை 1924 ஆம் ஆண்டில் அக்காட்சிச்சாலையின் சேர்க்கையில் இடம்பெறச் செய்தார். பெருங் காட்சிச்சாலைகள் நிழற்படத்தைக் கலையென ஏற்கத் தயங்கிய காலம் அது. வானத்து முகிலைப் படமெடுத்து அதனைத் தம் உள்ளநிலையின் உருவமாகக் கண்டவர் ஸ்டீக்லிட்ஸ். இயந்திரமும் தியானத்திற்குக் கருவியாகும் என்பதைச் சிற்ப சாத்திரம் பயின்ற தமிழர் ஒருவர் உணர்ந்தது வியப்பன்று.

இனி, கண்டிக்கு வந்த அத்துறவியைக் காண்போம். அவர் பெயர் தோமஸ் மேர்ட்டன். பிரான்சில் 1915 ஆம் ஆண்டில் பிறந்தவர். ஓவியர் ஒருவரின் மகன். 1941 டிசம்பர் 10 ஆம் நாள் அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள கெத்சமனி மடத்தில் சேர்ந்து, மௌனத்தைப் பெரிதும் போற்றும் டிராப்பிஸ்ட் சபைத் துறவியானார். பல நூல்கள் எழுதிப் பேர்பெற்றும், இறுதி ஆண்டுகளில் மடத்தின் காட்டுப்புறத்தே ஒரு சிறு குடிலில் தனித்து வாழ்ந்தார். அவருடைய நண்பர் ஜோன் ஹவார்ட் கிறிஃபின் ஒரு கெனன் கமராவை அவருக்கு இரவலாகக் கொடுத்தார். உள்ளே ஒரு கண்ணாடி வைத்து, அதில் விழும் பிம்பத்தை நோக்கிப் படம் எடுக்கும் வகையைச் சேர்ந்தது அது. கண் திறக்கும் சிற்பியின் கையிலிருந்த கண்ணாடி இங்கே நினைவுக்கு வருகின்றது.

அத்துறவி அக்கருவியால் எவற்றைப் படமெடுத்தார்? பெருங்காட்சிகளை அன்று. மரத்தின் வேர், களஞ்சியத்தின் பழைய பலகை, வெயில் விழும் நாற்காலி, வாளி, சுவரோரத்துக் களை ஆகிய இவையே அவர் படங்கள். அவற்றை அழகுற ஒழுங்குபடுத்தவும் அவர் முயலவில்லை. இருப்பது இருந்தவாறே தன்னை உணர்த்தட்டும் என்று காத்திருந்தார். படச்சுருள்களைக் கிறிஃபினின் இல்லத்தில் கழுவி அச்சிட்டனர்.

1968 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஆசியப் பயணம் மேற்கொண்டார். சென்னைக்கு வந்து மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலைக் கண்டார். நவம்பர் இறுதியில் இலங்கையை அடைந்து கண்டிக்கு வந்தார். தலதா மாளிகைக்கு மேலே உள்ள உடவத்தகலே வனத்தில் அப்போது ஞானபோனிக்க தேரர் வாழ்ந்து வந்தார். ஜெர்மனியில் பிறந்து, 1936 இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர். புத்தரின் சதிபட்டானத் தியான முறையை விளக்கி அவர் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுவது. அதன் சாரம் யாதெனில், காண்பதைக் காண்பதாகவே காணுதல். விருப்பு வெறுப்பு என்னும் சாயங்களை அதன்மீது பூசாது, வெறுங் கவனத்தோடு நிற்றல். மௌனத்தை நாடிய கத்தோலிக்கத் துறவியும் கவனத்தைப் போதித்த பௌத்தத் துறவியும் கண்டி வனத்தில் சந்தித்தனர்.

டிசம்பர் தொடக்கத்தில் மேர்ட்டன் பொலன்னறுவைக்குச் சென்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் காலத்தில் ஒரே பாறைத்தொடரில் செதுக்கப்பட்ட கல் விகாரைச் சிலைகளைக் காண்பது அவர் நோக்கம். அங்கே அமர்ந்த கோலம், நின்ற கோலம், ஏறத்தாழ 14 மீற்றர் நீளமுள்ள கிடந்த கோலம் ஆகியவை உள்ளன. உடன் வந்த குருவானவர் மரத்தடியில் கைநூலுடன் அமர்ந்துகொள்ள, மேர்ட்டன் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, மழையில் நனைந்த புல்லிலும் மணலிலும் வெறுங்காலுடன் நடந்து சிலைகளை அணுகினார். அம்முகங்களின் அமைதி அவரை ஆட்கொண்டது. வழக்கமாய்ப் பொருள்களைப் பார்த்துவரும் பழக்கப்பட்ட பார்வையிலிருந்து திடீரென விடுபட்டது போன்ற அனுபவம் தமக்கு நேர்ந்ததாகப் பின்னர் நாட்குறிப்பில் எழுதினார். அச்சிலைகளை அவர் படமும் எடுத்தார். ஒரு சில நாட்களுக்குள், டிசம்பர் 10 ஆம் நாள், தாய்லாந்தின் பாங்கொக் நகருக்கருகே எதிர்பாராத வகையில் உயிர் நீத்தார். மடம் புகுந்து சரியாக இருபத்தேழு ஆண்டுகள் நிறைந்த நாள் அது. நாட்குறிப்பும் படங்களும் எஞ்சின.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முதலில் பாதரட்சை கழன்றது. கமரா பின்னரே உயர்ந்தது. இவ்வரிசையே நிழற்படத்தை வழிபாடாக்குகின்றது. மேலும், இமயச் சாரலில் கஞ்சன்ஜங்கா மலையைப் படமெடுத்தபோது, கமரா தருவது மெய்யன்று, நாம் கண்டதாக எண்ணுவதே என்னும் எச்சரிக்கையையும் அவர் தமக்குத் தாமே விடுத்துக்கொண்டார். கருவியை அவர் விரும்பினார், கருவிக்கு அடிமையாகவில்லை.

இஃதெல்லாம் மேனாட்டுத் துறவிக்குப் பொருந்தும், நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று சிலர் வினவக்கூடும். மலையகத்தில் ஒரு லயத்து வீட்டினுள் நுழைந்து பாருங்கள். முருகன் படமும் மாரியம்மன் படமும் தொங்கும் அதே சுவரில், காலஞ்சென்ற பாட்டனின் நிழற்படம் மாலை சூடி நிற்கும். ஒரே விளக்கு அனைவர்க்கும் ஒளி தரும். நிழற்படத்தின்முன் கைகூப்புதல் நமக்குப் புதிதன்று.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. தொடர்ந்த ஆண்டுகளில் அண்ணன் அங்கும் தங்கை இங்குமாகப் பல குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலேறியோரின் முகம் இங்கிருந்தோருக்கு ஒரு சிறு படமாகவே எஞ்சியது. கடவுச்சீட்டுக்கென அவசரமாய் எடுத்த அப்படத்தில் கலை நுட்பம் எதுவும் இராது. எனினும், தங்கை ஒருத்தி அதனை நாள்தோறும் துடைத்து நோக்குவாளாயின், அந்நோக்கிற்கு வேண்டுதல் என்பதன்றி வேறு பெயர் உண்டோ? அஞ்சலட்டையில் பெயரின்றிச் சென்ற முகத்திற்கும், இச்சுவரில் பெயரோடு நிற்கும் முகத்திற்கும் உள்ள வேற்றுமை அன்பின் வேற்றுமையே.

ஆதலின், இவ்வசந்தத்தில் கமராவுடன் வெளியே செல்வோர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, காத்திருத்தல். இன்று கைத்தொலைபேசியில் ஒரு காலைப்பொழுதில் நூறு படங்கள் எடுக்க இயலும். அக்காரணத்தாலேயே ஒன்றையும் காணாது திரும்பவும் இயலும். முள்முருக்கின் அடியில் பத்து நிமிடம் வெறுமனே நின்று, பூவில் தேனருந்தும் மைனாவின் வரவையும் போக்கையும் அறிந்தபின் ஒரே ஒரு படம் எடுப்பவன் அந்த மரத்தை அறிந்தவனாவான். இரண்டாவது, கேட்டுப் பெறுதல். கொழுந்து கொய்யும் அம்மாவைப் படமெடுக்க விழைவோர் முதலில் வணக்கம் கூறி, அனுமதி கேட்டு, அவர் பெயரை அறிதல் வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவரிடம் சேர்த்தலும் வேண்டும். அவர் மறுப்பாராயின், கமராவைத் தாழ்த்துதலும் வழிபாடே. மூன்றாவது, விடுதல். மலைமீது மூடுபனி விலகும் கணத்தில் சில வேளை கருவி கைக்கு எட்டாது. அக்காட்சி கைதவறிற்றே என வருந்துதல் வேண்டா. கண் பெற்றது, நெஞ்சு பெற்றது, அது போதும்.

காமன் கூத்தின் முடிவையும் நினைவுகூர்தல் நன்று. கணவனை இழந்த இரதி கதறி அழுது வேண்டுகின்றாள். இறைவன் இரங்கிக் காமனை எழுப்புகின்றார். ஆயினும் உலகத்தார் கண்ணுக்கு அவன் உருவமற்றவன், இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன். நெற்றிக்கண் எரித்தது பற்றும் பார்வையை. மீண்டது அன்பின் பார்வைக்குத் தோன்றும் உருவம். வத்தேகமைச் சரிவுகளில் ஆண்டுதோறும் வரும் வசந்தமும் அத்தகையதே. வழியே செல்வோர் எல்லோருக்கும் அது வெறும் செம்பூ. நின்று, பணிந்து, அன்போடு நோக்குவோர்க்கு மட்டும் அது தன் முகத்தைக் காட்டுகின்றது.