ஏழே கால் மணிக்கு மேல ஹோம்வொர்க்

போன எபிசோட் முடியும்போது ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு, உங்க சாயங்காலத்துல எந்த அரை மணி நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு. சமையல்னுதான் பதில் வரும்னு நினைச்சேன். வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஹோம்வொர்க். அதுவும் பத்தாவது, பன்னிரண்டாவது பசங்களோடது இல்ல. யூகேஜி, ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற குழந்தைகளோடது. ஒருத்தர் பேசும்போது பின்னாடி ஒரு குழந்தை அழுற சத்தம் கேக்குது, அவர் "ஒரு நிமிஷம்டா, ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டே பேசுறார். அதனால இன்னைக்கு இதைப் பத்தி மட்டும் பேசுவோம்.

முதல்ல கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம். சோழிங்கநல்லூர்லயோ தரமணியிலயோ ஆபீஸ்னு வெச்சுக்குங்க. ஆறு மணிக்குக் கிளம்பினாலும், மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டிருக்கிற ஓஎம்ஆர்ல ஊர்ந்து வந்து, க்ரெஷ்ல குழந்தையைக் கூட்டிட்டு, வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஏழே கால். காலையில ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன். அதுக்கு ஆறரைக்கு எழுப்பணும். 6 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் ஒரு குழந்தை நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்கணும்னு அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின் 2016-ல பரிந்துரைச்சது. குறைஞ்சபட்சமான அந்த 9 மணி நேரத்தை எடுத்துக்கிட்டாலே ராத்திரி ஒன்பதரைக்குக் குழந்தை தூங்கியிருக்கணும். அப்படின்னா ஒன்பது மணிக்குப் படுக்கைக்குப் போகணும்.

ஏழே காலுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல இருக்கிறது ஒண்ணே முக்கால் மணி நேரம். அதுல சமையல், சாப்பாடு, குளியல், நாளைக்கு யூனிஃபார்ம் இஸ்திரி, தண்ணி பாட்டிலைக் காணோம்னு ஒரு பத்து நிமிஷத் தேடல். எல்லாம் போக, ரொம்பத் தாராளமாப் பார்த்தா அரை மணி நேரம் மிஞ்சும். குழந்தை முகத்தை நீங்க முழுசாப் பார்க்கிறதுக்கும் அந்த அரை மணி நேரம்தான். நாலு கோடு நோட்டுல ரெண்டு பக்கம் கர்சிவ், இரட்டைக் கோடு நோட்டுல 'க' வரிசை, கட்டம் போட்ட நோட்டுல 1 முதல் 100 வரைக்கும், எல்லாத்துக்கும் அதே அரை மணி நேரம்தான்.

இதைச் சொன்னா உடனே, "நீங்க டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கணும்"னு யாராவது ஒருத்தர் வருவார். நான் இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டேன். இருக்கிற நிமிஷங்களை எப்படி மாத்தி அடுக்கினாலும் ரெண்டு பக்கம் கர்சிவ் அதுக்குள்ள உக்காராது.

சரி, இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு ஹோம்வொர்க் இருக்கணுமா? கேள்வியே இல்லாம இருக்கணும்னு நம்மள்ல பல பேர் நம்பிட்டு இருக்கோம். ஆனா 2018 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி என். கிருபாகரன் ஒரு உத்தரவு போட்டார். ஒண்ணாவது, ரெண்டாவது வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது. புத்தகப் பையோட எடை குழந்தையோட எடையில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த வருஷக் கடைசியில மத்திய அரசும் இதையே மாநிலங்களுக்குச் சொன்னது. அப்புறம் 2020-ல வந்த பள்ளிப் பை கொள்கை இன்னும் தெளிவா எழுதியிருக்கு: ரெண்டாவது வரைக்கும் ஹோம்வொர்க் கிடையாது. மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். கவனிங்க, வாரத்துக்கு. சின்னப் பசங்களை வகுப்புல பேச விடுங்க, நேத்து சாயங்காலம் வீட்டுல என்ன பண்ணாங்க, என்ன விளையாடினாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லட்டும்னு அதுல இருக்கு. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சது. சாயங்காலத்துல சொல்ற மாதிரி ஏதாவது நடந்திருந்தாத்தானே குழந்தை மறுநாள் அதைச் சொல்ல முடியும்?

ஆராய்ச்சிப் பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பர், ஹோம்வொர்க் பத்தின ஆய்வுகளை மொத்தமாத் தொகுத்து 2006-ல வெளியிட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகள்கிட்ட ஹோம்வொர்க்குக்கும் மார்க்குக்கும் ஓரளவு தொடர்பு தெரியுது. சின்ன வகுப்புகள்ல அந்தத் தொடர்பு ரொம்ப பலவீனம். அவர் ஹோம்வொர்க்கே வேண்டாம்னு சொல்றவர் இல்ல. வகுப்பு எண்ணைப் பத்தால பெருக்கினா வர்ற நிமிஷம் போதும்ங்கிற கணக்கைப் பரவலாக்கினவர் அவர்தான். ஒண்ணாவதுக்கு 10 நிமிஷம், ரெண்டாவதுக்கு 20.

அப்படின்னா நம்ம ஊர்ல ஏன் நிக்கல? ஸ்கூலை மட்டும் திட்டிட்டுப் போறது சுலபம். பெற்றோர் கூட்டத்துல போய் உக்காந்து பாருங்க. "பக்கத்து ஸ்கூல்ல ஒண்ணாவதுலயே பாரா எழுதுறாங்க, நீங்க ஏன் ஒண்ணுமே கொடுக்கிறதில்ல?"ன்னு கேக்கிறது யாரு? நாமதான். ஹோம்வொர்க் கொடுக்காத ஸ்கூலை, கட்டின ஃபீஸுக்கு வேலை செய்யாத ஸ்கூலாப் பார்க்கிறோம். ஒரு வகுப்புல நாற்பது குழந்தைகளை வெச்சிருக்கிற மிஸ் அந்த அழுத்தத்துக்கு நடுவுலதான் டைரியில எழுதி அனுப்புறாங்க.

இன்னொண்ணு, போற போக்குல சொல்லிடறேன். வீட்டுப்பாடம்னு ஒண்ணு இருந்தாலே, வீட்டுல படிச்ச ஒரு ஆள், ஓய்வா, இங்கிலீஷ் தெரிஞ்சு உக்காந்திருக்கார்னு ஆகிடுது. நம்ம அபார்ட்மென்ட்ல வீட்டு வேலை செய்ற அக்காவும் ஏழு மணிக்கு மேலதான் வீட்டுக்குப் போறாங்க. அவங்க குழந்தைக்கும் அதே ஹோம்வொர்க்தான், அதனால தெருமுனை டியூஷனுக்குச் சம்பளத்துல இருந்து எடுத்துக் கொடுக்கிறாங்க. கொரோனாவுக்கு அப்புறம் 2021-ல தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'ன்னு தன்னார்வலர்களை வெச்சு சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சப்போ அத்தனை தெருக்கள்ல குழந்தைகள் வந்து உக்காந்தது சும்மா இல்ல.

இப்போ நடைமுறைக்கு வருவோம். நாளைக்கு சாயங்காலமும் டைரி வரப்போகுது.

வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே "இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்?"னு கேக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. வாய்ஸ் நோட் அனுப்பின வேளச்சேரி அம்மா ஒருத்தர் இதை மாத்திப் பார்த்திருக்காங்க. முதல் பதினஞ்சு நிமிஷம் பையைத் தொடுறதே இல்ல. ஒரு டம்ளர் பால், ரெண்டு பிஸ்கட், தரையில சேர்ந்து உக்காந்திருக்கிறது. அவங்க சொன்னது: "பதினஞ்சு நிமிஷம் போயிடுச்சேன்னு முதல் நாள் பதறினேன். ஆனா அதுக்கப்புறம் எழுத உக்கார வைக்க அரை மணி நேரம் கெஞ்சுறது நின்னு போச்சு." எனக்கு இது நியாயமாப் படுது. காலையில ஏழே முக்காலுக்கு வேன் ஏறின குழந்தை சாயங்காலம் ஏழே காலுக்கு வீடு வருது. பதினொன்றரை மணி நேரம். நாம அவ்வளவு நேரம் வெளியில இருந்துட்டு வந்தா முதல்ல என்ன பண்ணுவோம்? சோஃபாவுல விழுவோம்.

அடுத்தது, எழுதுற வேலையையும் வாயால சொல்ற வேலையையும் பிரிச்சுடுங்க. டிக்டேஷன் வார்த்தைகள், வாய்ப்பாடு, ரைம்ஸ், குறள் மனப்பாடம், இதுக்கெல்லாம் மேஜை வேண்டாம். நீங்க பூண்டு உரிச்சுட்டே கேக்கலாம். ல, ள, ழ சந்தேகம் எல்லாம் சமையல்கட்டுலயே தீர்ந்துடும்: கிழங்குல என்ன ழ, வெள்ளரிக்காய்ல என்ன ள, பாலுக்கு என்ன ல. தட்டுல மூணு இட்லி, ஒண்ணு சாப்பிட்டாச்சு, மீதி எத்தனை? கழித்தல் முடிஞ்சது. பைக்ல முன்னாடி உக்கார வெச்சு வாய்ப்பாடு கேக்கிறதா ஒரு அப்பா பெருமையா அனுப்பியிருந்தார். சார், ரோட்டைப் பாருங்க.

எழுதுற வேலைக்குத்தான் உண்மையான நேரம் வேணும். அதுக்கு ஒரு எல்லை போடுங்க. ஒண்ணாவதுன்னா 10 நிமிஷம், தாண்டினா 15. ஆறு வயசுல விரல் சீக்கிரம் வலிச்சிடும், பென்சிலை அழுத்திப் பிடிக்கிற குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். ரெண்டாவது பக்கத்துல எழுத்து கோட்டை விட்டு இறங்க ஆரம்பிச்சா அது பெரும்பாலும் கை சோர்ந்து போனதோட அடையாளம். நாம அதை அலட்சியம்னு நினைச்சு ரப்பரால அழிச்சு மறுபடி எழுத வைக்கிறோம். அங்கதான் அழுகை ஆரம்பிக்கும். ஒன்பது மணி ஆகும், பத்து ஆகும், அடி கூட விழும். விழுதுன்னு சொல்லி ரெண்டு பேர் அனுப்பியிருந்தாங்க, பேர் சொல்ல வேண்டாம்னும் கேட்டிருந்தாங்க. பத்து நிமிஷ வேலைக்காக ஒரு குழந்தை அழுதுட்டே தூங்கப் போகுதுன்னா, அந்த வேலை நின்னா நஷ்டம் ஒண்ணுமில்லன்னுதான் நான் சொல்வேன்.

நிறுத்தினா ஸ்கூல்ல என்ன சொல்றது? டைரியிலயே எழுதுங்க. "வணக்கம் மிஸ். இன்று 15 நிமிடம் எழுதினாள். முதல் பக்கம் அவளே முடித்தாள். கை வலித்ததால் நிறுத்திவிட்டோம்." இவ்வளவுதான். மன்னிப்பு கேக்க வேண்டாம், கோர்ட் ஆர்டரை மேற்கோள் காட்டிச் சண்டைக்கும் போக வேண்டாம். உத்தரவு நம்ம பக்கம் இருக்குன்னு தெரிஞ்சா எழுதுற கை நடுங்காது, அதுக்குப் பயன்பட்டாப் போதும். இப்படி எழுதி அனுப்பினதா நாலு பேர் சொன்னாங்க. மூணு பேருக்கு மிஸ் 'ஓகே'ன்னு கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் "ப்ளீஸ் கம்ப்ளீட்"னு சிவப்பு மையில திரும்பி வந்தது. அவங்க ஒரு சனிக்கிழமை நேர்ல போய்ப் பேசியிருக்காங்க. ரெண்டு பக்கம் ஒரு பக்கமாச்சு. பெரிய வெற்றின்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு பக்கம்ங்கிறது பத்து நிமிஷம்.

நீங்களே எழுதிக் கொடுக்கிறது பத்தியும் பேசணும். குழந்தை கையெழுத்து மாதிரி இருக்கட்டும்னு இடது கையால எழுதுற பெற்றோர் இருக்காங்க. சிரிக்காதீங்க, கேட்டுட்டு இருக்கிற உங்கள்லயே இருப்பீங்க. அதுல இருக்கிற பிரச்சினை நேர்மை மட்டும் இல்ல. குழந்தை 'b'யையும் 'd'யையும் மாத்தி எழுதுறான்னு மிஸ்ஸுக்குத் தெரியணும்னா, அந்தத் தப்பு நோட்டுல இருக்கணும். நாம அழகாத் திருத்தி அனுப்பினா, வகுப்புல அதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

காலையில எழுத வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. ஒன்பது மணிக்கே படுக்கிற குழந்தை, தானா ஆறு மணிக்கு முழிச்சுக்கிறதுன்னா தாராளமா. ஹோம்வொர்க்குக்காகவே அலாரம் வெச்சு எழுப்புறதா இருந்தா வேண்டாம், தூக்கத்துல கைவைக்கிறோம். க்ரெஷ்லயோ பாட்டி வீட்டுலயோ முடிச்சுடலாமான்னும் நிறைய கேள்வி. க்ரெஷ்ல நாலு மணிக்கே உக்கார வைக்கிறாங்கன்னா நல்லது, அதுக்கப்புறம் வீட்டுல நீங்க மறுபடி நோட்டைத் திறந்து குறை கண்டுபிடிக்காதீங்க. பாட்டி விஷயத்துல எனக்குத் தயக்கம் இருக்கு. நாலு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் அந்த முட்டி வலியோட ஓடுற குழந்தையைப் பார்த்துக்கிறதே முழு வேலை. அதுக்கு மேல டீச்சர் வேலையும் கொடுத்தா, சாயங்காலம் நாம வர்றப்போ ரெண்டு பேரும் அழுதுட்டு இருப்பாங்க. போதாததுக்கு அவங்க 'ஏ, பி, சி'ன்னு சொல்ல, ஸ்கூல்ல ஃபோனிக்ஸ் முறையில 'அ, ப, க்'னு சொல்லிக் கொடுத்திருக்க, பாட்டிக்கும் பேத்திக்கும் பஞ்சாயத்து.

கடைசியா, கொஞ்சம் கசப்பான விஷயம். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. குரூப் பேர் பேரன்ட்ஸ்னு இருக்கும், உள்ள பேசுறது முக்கால்வாசி அம்மாக்கள். மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, 15 முதல் 59 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 41 சதவீதம் பேர் வீட்டு ஆட்களைப் பராமரிக்கிற வேலை செய்றாங்க, நாளைக்குச் சராசரியா 140 நிமிஷம். ஆண்கள்ல 21.4 சதவீதம் பேர், 74 நிமிஷம். "நான் ஹெல்ப் பண்றேனே"ன்னு அப்பாக்கள் சொல்வாங்க. ஹெல்ப்னா என்ன? "நீ சொல்லு, நான் செய்றேன்." அந்தச் சொல்ற வேலை, டைரி பார்க்கிறது, பென்சில் தீர்ந்துடுச்சான்னு ஞாபகம் வெச்சுக்கிறது, நாளைக்கு மஞ்சள் டிரஸ்னு மெசேஜ் வந்ததைக் கவனிக்கிறது, இதெல்லாம் ஒருத்தர் தலையிலயே இருக்கு. நாள் பிரிச்சுக்கிட்ட ஒரு பெருங்குடி ஜோடி எழுதியிருந்தாங்க. திங்கள், புதன், வெள்ளி அவர். செவ்வாய், வியாழன் இவங்க. அவரோட நாள்ல இவங்க டைரியையே திறக்கக் கூடாது. முதல் வாரம் ரெண்டு நாள் ஹோம்வொர்க் விட்டுப் போச்சாம். "நாக்கைக் கடிச்சுட்டு இருந்தேன்"னு எழுதியிருந்தாங்க. மூணாவது வாரம் குரூப்ல அவரே, "இன்னைக்கு மேத்ஸ் பக்கம் எது?"ன்னு கேட்டாராம். முப்பத்தெட்டு அம்மாக்களுக்கு நடுவுல ஒரு அப்பா.

ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்கு போக்குவரத்து வாகனங்கள், அஞ்சு படம் ஒட்டி சார்ட் கொண்டு வரணும்"னு குழந்தை சொல்ற அந்த ப்ராஜெக்ட் விவகாரம் தனி எபிசோடுக்கான விஷயம். அதுக்கு உங்க கதைகளை ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எந்த ஜெராக்ஸ் கடை ஒன்பதே காலுக்கும் திறந்திருக்குன்னு தெரிஞ்சா, ஏரியா பேரோட அதையும் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.