பேசாப் படம் கேட்ட கேள்வி



ருஷ்ய நாட்டு செர்கேய் ஐசன்ஸ்டைன் (1898–1948) எடுத்த பேசாப் படங்களில், 1929-ல் வெளியான ‘பழையதும் புதியதும்’ என்பதைப்பற்றிச் சொல்லுகிறேன்.

அதிலே மழையில்லாத ஒரு கிராமம். பாதிரிகள் சிலுவையும் சாமி படங்களும் சுமந்து ஊர்வலம் வருகிறார்கள். குடியானவர்கள் புழுதியில் விழுந்து கும்பிடுகிறார்கள். மழை வரவில்லை. பிறகு, பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம் ஒன்று வருகிறது. ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றியதும் கண்ணெதிரே பாலாடை கொட்டுகிறது!

கடவுள் இல்லை என்று அங்கே பிரசங்கமில்லை. கும்பிட்டதையும் கைப்பிடி சுற்றியதையும் காட்டினார். முடிவைப் பார்ப்பவன் புத்திக்கு விட்டார். காட்சியோடு காட்சியை மோதவிட்டு அர்த்தம் உண்டாக்கும் இவ்வித்தைக்கு ‘மாண்டாஜ்’ என்று பெயர். உலகமெங்கும் படமெடுப்போர் இதை அவரிடம் கற்றார்கள்.

ஆனால் அவரையும் விட்டார்களா? கொடுங்கோல் ராஜாவைக் காட்டிய ‘பயங்கர இவான்’ இரண்டாம் பாகம் ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை. 1946-ல் தடுத்தார்கள். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1958-ல்தான் அது வெளிவந்தது.

சாமியைக் கேள்வி கேட்கலாம், தலைவரைக் கேட்கக்கூடாது என்றால், அது என்ன பகுத்தறிவு? ஆகவே தோழர்களே, நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்தியைக்கொண்டு யோசித்துச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.