கடையில் தொடங்கிய மேடை



பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடைக்கலைக் குறிப்புகள் கிடைக்கும் என்று வந்த இளைஞர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கக்கூடும். முகம் பார்த்துப் பேசு, நடுவே ஒரு கதை சொல், மக்கள் மொழியில் பேசு என்றெல்லாம் எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி அறிவுரையில் மட்டும் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். அதைக் கிளப்பியவர், தமிழே தெரியாமல் தமிழ்த் தொழிலாளர்களைத் திரட்டிய ஒருவர்.

பி. பி. வாடியா 1881-இல் மும்பையில் பிறந்த பார்சி. அடையாறு பிரம்மஞான சபைக்காரர். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' நாளிதழில் பணியாற்றியவர். 1917-இல் அம்மையாரோடு காவலில் வைக்கப்பட்டவர். சென்னை ஆலைத் தொழிலாளிக்கும் அவருக்கும் சாதியில், மதத்தில், மொழியில், உடையில்கூட ஒற்றுமையில்லை. ஆனாலும் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தலைவர் அவர்தான். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம்.

இது எப்படி நடந்தது? பதில் மேடையில் இல்லை, கடையில் இருக்கிறது. பெரம்பூர் வட்டாரத்தில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்று இரண்டு வணிகர்கள். பக்கத்திலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அவர்கள் கடைக்கு வருவார்கள். சாமான் வாங்க வருபவர்கள் சாமானோடு மட்டும் போவதில்லை. மேஸ்திரியின் ஏச்சு, மதியச் சோற்றுக்குப் போதாத நேரம், இவற்றையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். ஆண் தொழிலாளிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதித்திருந்த காலம் அது. கடைக்காரர்கள் இருவரும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் 'நியூ இந்தியா' அலுவலகப் படியேறி வாடியாவிடம் சொன்னார்கள்.

அந்தக் கடைக்காரர்களுக்கு ஒரு பக்தி சபையும் இருந்தது. 1918 மார்ச் 2 அன்று, ஜங்கராமாயம்மாள் தோட்டத்தில் அந்தச் சபையின் சார்பில் நடந்த கூட்டத்தில்தான் திரு.வி.க. தொழிலாளரிடையே பேசினார். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அவர் 'தேசபக்தன்' இதழை நடத்திக்கொண்டிருந்த நேரம். அடுத்த மாதம் வாடியா வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசுவார். அது தமிழாகிக் கூட்டத்தைச் சேரும்.

கொஞ்சம் நின்று பாருங்கள். ஒருவர் பேசியது ஆங்கிலம். இன்னொருவர் பேசியது செந்தமிழ். திரு.வி.க. நடையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது ஆலை வாசலில் புழங்கும் தமிழ் அல்ல. அரசியலை ஆங்கிலத்தில் பேசுவதே பெருமை என்றிருந்த மேடையில் நல்ல தமிழுக்கு இடம் பிடித்துத் தந்தவர் அவர். மொழியைத் தளர்த்திக்கொண்டு போய் நின்றவர் அல்லர். 'மக்கள் மொழியில் பேசு' என்ற விதியை இருவருமே மீறினார்கள். கூட்டம் கலையவில்லை. மேடையிலிருந்து வந்தது தங்கள் பேச்சுதான் என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. தாங்கள் கடையில் சொன்னது, ஊர் சுற்றி, இரண்டு மொழி மாறி, திரும்பித் தங்களிடமே வந்திருக்கிறது.

எனக்கு இது பிந்தித்தான் உறைத்தது. ஒருமுறை நெசவாளர் கூட்டமொன்றில் முக்கால் மணி நேரம் பேசினேன். எளிய தமிழ், நகைச்சுவை, எல்லாம் சேர்த்துத்தான். கைதட்டினார்கள். இறங்கும்போது ஒரு பெரியவர், "நல்லாத்தான் பேசுனீங்க தம்பி. நூல் இப்ப என்ன வெல விக்குதுன்னு எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். அன்று ஊர் வந்து சேரும்வரை பேருந்தில் யாரிடமும் நான் பேசவில்லை.

அந்தச் சங்கக் கதையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இது பாராட்டுரையாகிவிடும். ஆலை நிர்வாகம் 1920-இல் சங்கத் தலைவர்கள்மேல் வழக்குப் போட்டது. சமரசத்தின் விலையாக வாடியா சங்கத்திலிருந்து விலகினார். தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அந்த வழக்குக்குப் பின் வலுத்தது, 1926-இல் சட்டமும் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது 1921. அந்த ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சேரவில்லை. வேலைக்குப் போனவர்களைக் 'கருங்காலிகள்' என்று சொல்வது சுலபமாக இருந்தது. கடன், பசி, ஆலைக்குள்ளேயே நிலவிய சாதி என்று அவர்கள் பக்கத்துக் கணக்கைக் கேட்டவர் குறைவு. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆதிதிராவிடர் தரப்பைச் சட்டமன்றத்தில் எடுத்துச் சொல்ல எம்.சி. ராஜா இருந்தார், தொழிலாளர் மேடையில் யாருமில்லை. திரு.வி.க. போன்ற கருணையாளர் இருந்தும் இந்த நிலை. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

சங்கக் கூட்டங்கள் நடந்த இடத்திலிருந்து புளியந்தோப்புச் சேரி நடந்து போகிற தூரம்தான்.