பாரம் எழுதிக் கொடுப்பதும் ஸதகாதான்

(சங்கத்தின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

ஐம்பது ஆண்டுகள் ஒரு சங்கம் உயிரோடு இருப்பது சிறிய காரியமல்ல. ரமலானில் அரிசி, பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி, மௌத் ஆன வீட்டுக்கு உடனடிச் செலவு, படிக்கிற பிள்ளைக்குக் கட்டணம் என்று நம்மால் முடிந்ததையெல்லாம் செய்து வந்திருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பெருமையைப் பேச இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். நான் நம் பணியில் இருந்த ஒரு குறையைச் சொல்லவே எழுந்து நிற்கிறேன். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் குடியிருந்த ஒரு சகோதரி ஆண்டுதோறும் ரமலானில் நம்மிடம் அரிசி வாங்க வருவார். கணவர் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்து, ஐம்பது வயதை எட்டும் முன்னே இறந்துவிட்டவர். மூன்று பிள்ளைகள். ஆறு ரமலான் அவருக்கு அரிசி கொடுத்தோம். ஏழாவது ஆண்டு, பிள்ளையின் பள்ளிச் செலவுக்காகத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னேன். பிளாஸ்டிக் பையிலிருந்து கணவரின் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொரு மாதமும் சொக்சோ சந்தா பிடித்துக் கட்டப்பட்டிருந்தது.

"இதுக்குப் பணம் கேட்டு எழுதினீங்களாம்மா?" என்றேன்.

"அது எங்க வீட்டுக்காரருக்குத்தானே மாமா? அவரே போயிட்டாரே" என்றார்.

சந்தாதாரர் அறுபது வயதுக்குமுன் இறந்தால், போதுமான மாதங்கள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு. பாரம் எழுதி, இறப்புப் பத்திரத்தையும் திருமணப் பத்திரத்தையும் இணைத்து, நானே கூடப் போனேன். சில மாதங்களில் பணம் வரத் தொடங்கியது. அடுத்த ரமலானில் அந்தச் சகோதரி அரிசி வாங்க வரவில்லை. ஒரு பை அரிசியோடு வந்து, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு ஆண்டுகள் அவர் கையில் அரிசியைக் கொடுத்த நாம், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் ஆறு ஆண்டுகள் கஷ்டப்பட்டிருக்காது. நம் தர்மத்தில் குறையில்லை, விசாரணையில்தான் குறை.

பெரியவர்களுக்குப் பழைய தோட்டம் நினைவிருக்கும். விடியற்காலைப் பிரட்டு, பால் வாளி, கிராணியின் கணக்கு. நம்மவர்கள் பலர் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கடன் எல்லாம் 555 நோட்டில் ஏறும், சம்பள நாளில் இறங்கும். அந்த வாழ்க்கையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லயத்து வீடு தோட்டத்துடையது. ஆஸ்பத்திரியும் பிள்ளைக் கொட்டகையும் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்தை ஒட்டியே இருந்தன. வேலை இருக்கும்வரை எல்லாம் உண்டு. ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியதும், வேலையோடு கூரையும் போனது. இதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நம் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர். தொழிலாளியின் சிறு தொகைகளைச் சேர்த்தே தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆனாலும் பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்த பாதுகாப்பும் இல்லை, அரசு கொடுக்கும் பாதுகாப்பைக் கேட்டுப் பெறும் வழியும் தெரியவில்லை.

"நாம் வியாபாரச் சமூகம், அரசாங்கத்திடம் கை நீட்டலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். தன்மானம் நல்லதுதான். ஆனால் இது யார் பணம் என்று யோசியுங்கள். கொரியப் போர்க் காலத்தில் ரப்பர் விலை ஏறியபோது இந்நாட்டுக் கருவூலம் நிரம்பியது. அந்தப் பாலை வெட்டியவர்கள் யார்? இன்றும் கடையில் பொருள் வாங்கும் ஏழை வரி கட்டாமலா வாங்குகிறார்? சொக்சோவோ தொழிலாளியின் சொந்தச் சந்தா. அதைக் கேட்பதில் என்ன வெட்கம்?

"உதவி கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்பது இன்னொரு பேச்சு. சமூக நல இலாகா ஆதரவற்ற முதியவருக்குக் கொடுப்பது 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். எழுபது வயதுப் பாட்டி அதை வைத்துக்கொண்டு எந்த வேலையிலிருந்து ஓடப் போகிறார்? மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் அது போதுமா என்றல்லவா நாம் கேட்க வேண்டும்.

ஏழையை எண்ணுவதிலேயே எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 2016-ஆம் ஆண்டுக் கணக்கில், மாத வருமானம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தால்தான் ஒரு குடும்பம் ஏழை. அப்படிப் பார்த்தால் நாட்டில் 0.4 விழுக்காட்டினரே ஏழைகள். 2019-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்துவிட்டு, அந்தக் கோடு உண்மை நிலைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு அரசே கோட்டை 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியது. 2019-ஆம் ஆண்டுக்கான விகிதம் 5.6 விழுக்காடாக, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களாகத் தெரிந்தது. அந்தக் குடும்பங்கள் ஒரே இரவில் ஏழையானவை அல்ல. அதுவரை அவை கணக்கில் இல்லை. பேசுவதற்கு ஆள் இருந்தால் கணக்கு மாறும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

நம் மார்க்கம் இதை நமக்கு முன்பே கற்றுக் கொடுத்திருக்கிறது. செல்வத்தில் ஏழைக்குள்ள பங்கைச் சொல்ல, குர்ஆன் 'ஹக்' என்ற சொல்லை ஆள்கிறது. ஹக் என்றால் உரிமை. கேட்கக் கூச்சப்படும் ஏழையைப் பற்றியும் அல்-பகரா அத்தியாயம் தனியே பேசுகிறது. அவரை நாம்தான் அடையாளம் காண வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தெருவில் பிச்சை கேட்ட ஒரு முதிய யூதரைக் கண்டார்கள். கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார்கள். அதோடு நிறுத்தாமல், பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் வரியை நீக்கி, உதவிக்கு வழி செய்தார்கள். இமாம் அபூ யூசுஃப் தம் கிதாபுல் கராஜில் இதைப் பதிந்திருக்கிறார். சொந்தக் கையால் கொடுத்தது ஸதகா. அவரைப் போன்ற எல்லாருக்குமாகச் செய்த ஏற்பாடு ஆட்சியின் கடமை. இரண்டும் வேண்டும் என்பதை உமர் (ரலி) அவர்கள் செய்து காட்டினார்கள். அங்கே மதமும் பார்க்கப்படவில்லை. அதனால் நம் உதவி மேசைக்கு முனியம்மா அக்கா வந்தாலும் அவருக்கும் நாம் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி கடை முதலாளிகளாக இருக்கும் என் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். அந்தச் சமையல்காரரின் முதலாளி மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியதால்தான் இன்று ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. நம் கடைகள் எல்லாவற்றிலும் அப்படிக் கட்டுகிறோமா? ஊரிலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துக் காப்பு சொக்சோவில் சட்டப்படி உண்டு. கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அந்தக் காப்பைக் கொடுக்காமல், ரமலானில் ஆயிரம் பேருக்குக் கஞ்சி ஊற்றினால் கணக்கு நேராகுமா? சொந்தமாக வண்டி ஓட்டுபவரும் சாலையோரம் கடை போட்டவரும் தாமே சேர்ந்துகொள்ள, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழி இருக்கிறது.

பாரம் எழுதினால் மட்டும் தீராத துயரமும் உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்து, தோட்டத்தில் பிறப்பைப் பதியாததால் இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் மூதாட்டிகள் இருக்கிறார்கள். குடிமக்களுக்கான உதவி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2011-இல் நடந்த மைடாஃப்தார் பதிவு இயக்கம் போன்றவை சிலருக்கு வழி காட்டின. விடுபட்டவர்களுக்காக நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கொடுக்கிற திட்டங்களைக் குறைக்கும் பேச்சு வரும்போதும் நாம் வாய் திறக்க வேண்டும்.

பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். ஒன்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் உதவி மேசை. சொக்சோ, சமூக நல இலாகா, ரஹ்மா உதவித்தொகை, மாநில சமய மன்றத்தின் ஜகாத், நாற்பது வயதைத் தாண்டிய எளியோருக்கான பேக்கா பி40 இலவச உடல் பரிசோதனை ஆகிய எல்லாவற்றுக்கும் பாரம் எழுத இரண்டு இளைஞர்கள் போதும். இரண்டு, அரிசி வாங்க வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் என்ன உதவி பெறுகிறார்கள், எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதி வைக்கும் ஒரு புத்தகம். அந்த 555 நோட்டே போதும். அன்று அதில் அவர்கள் நமக்குத் தரவேண்டிய கடனை எழுதினோம். இன்று அவர்களுக்கு வரவேண்டியதை எழுதுவோம். மூன்று, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மறுமுறையும் கூடப் போக ஒரு ஆள். படிக்காத ஏழை ஒருமுறை 'இல்லை' என்று கேட்டால் திரும்பிப் போக மாட்டார். அவர் பக்கத்தில் நம்மில் ஒருவர் நிற்க வேண்டும்.

அரிசி கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பசிக்கு இன்றைக்கே சோறு வேண்டும். ஆனால் அரிசிப் பையைக் கையில் கொடுக்கும்போது, "தாள் ஏதும் இருக்காம்மா? கொண்டு வாங்க பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். நம் முன்னோர் தொடங்கிய பணியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நாம் கேட்கத் தவறிய கேள்விகளை மன்னிப்பானாக. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம்மிடம் அரிசிக்கு வருவோர் குறைந்து, அரிசி கொண்டு வருவோர் பெருக அவனே அருள் புரிவானாக. ஆமீன்.