பல நிற முட்டைகளும் கலப்பினக் கோழி வளர்ப்பும்

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



நாம் கூடியிருக்கும் இந்த ஃபேர்லேண்ட்ஸில் முட்டை வாங்கும் குடும்பங்கள் இருவகைப்படும். ஒரு வகையார் நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டையை வாங்குகிறார்கள். மற்றவர் அதிக விலை கொடுத்தேனும் நிறமுள்ள நாட்டுக்கோழி முட்டையே வேண்டுமென்கிறார்கள். அந்த அதிக விலை கிராமத்துப் புழக்கடைக்கு வந்து சேரவேண்டிய பணம். அது எவ்விதம் நமக்குக் கிடைக்கும், எவ்விதம் கைநழுவும் என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலாவது, நிறம் உண்டாகும் விதம். கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் செல்லும். அதில் ஓடு அமைவதற்கு மாத்திரம் சுமார் 20 மணி நேரம். ஓடு எந்தக் கோழிக்கும் வெண்சுண்ணாம்பினால் ஆனதே. கடைசிச் சில மணி நேரத்தில் சில ஜாதிக் கோழிகள் அதன்மேல் பழுப்புச் சாயத்தைப் படியவிடுகின்றன. ஆகையால் பழுப்பு முட்டையை உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உட்புறம் வெண்மையாகவே இருக்கும். தென் அமெரிக்காவில் சிலி தேசத்து அரௌகானா ஜாதி நீல முட்டை இடும். அந்த நீலம் ஓட்டின் உட்புறம் வரையில் ஊறியிருக்கும். நீல முட்டை ஜாதியையும் பழுப்பு முட்டை ஜாதியையும் கலந்தால் பச்சை முட்டை கிடைக்கும். நம்முடைய சிறுவிடை, பெருவிடை, அசில் கோழிகள் இளம்பழுப்பாகவோ பாலேட்டு நிறமாகவோ இடுகின்றன. மத்தியப்பிரதேசத்துக் கடக்நாத் கோழியின் மாமிசமும் கருமை. ஆயினும் அதன் முட்டை இளம்பழுப்பே. கருப்பு முட்டை என்று யாரேனும் விற்க வந்தால் ஏமாறவேண்டாம்.

ஓட்டின் நிறம் ஜாதியால் வருவது. அதனால் முட்டையின் சத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மஞ்சள் கருவின் நிறமோ தீனியால் வருவது. பசுங்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் தின்னும் கோழியின் கரு நல்ல நிறமாயிருக்கும். ஓட்டைக் காட்டி "இதில் பலம் அதிகம்" என்று சொல்லி விற்பது சரியன்று. புதியது, நம் வீட்டில் மேய்ந்த கோழி இட்டது என்று சொல்லுங்கள். அது உண்மை, அதற்கே விலை உண்டு.

இரண்டாவது, கலப்பினம். நாட்டுப் பெட்டை வருஷத்தில் ஏறக்குறைய 60 முதல் 80 முட்டை இடும். உயர்ந்த ஜாதிச் சேவலோடு சேர்த்தால் முதல் தலைமுறைப் பெட்டைகள் தாயைவிட அதிகம் இடும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆகையால் சேவலைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. முட்டையின் நிறத்தைச் சேவலும் தன் சந்ததிக்குக் கொடுக்கும். பழுப்பு முட்டை வேண்டுமாயின் பழுப்பு முட்டை இட்ட தாயின் சேவலை வாங்குங்கள். வெள்ளை லெகார்ன் சேவலை விட்டால் முட்டை பெருகும், நிறம் வெளுக்கும். ஹைதராபாத்துக் கோழி ஆராய்ச்சி நிலையத்தார் புழக்கடைக்கென்றே உண்டாக்கிய வனராஜா, கிராமப்ரியா இனங்கள் பழுப்பு முட்டை இடுவன. வனராஜாவின் பல நிற இறகு புதரோடு கலந்து தோன்றுவதால், வெள்ளைக் கோழியைப்போல் பருந்தின் கண்ணில் எளிதில் படாது.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கலப்பினக் கோழியின் முட்டையையே மறுபடியும் அடைவைத்துக்கொண்டு போனால், குஞ்சுகள் ஒன்றுபோல் அமையா. முதல் தலைமுறையின் லாபம் படிப்படியாகக் குறையும். மேலும் அதிகம் முட்டையிடும் கோழிக்கு அடைகாக்கும் குணம் குறைவு. ஆதலால் நாட்டுப் பெட்டைகளை முழுவதும் விற்றுவிடாதீர்கள். இரண்டு சிறுவிடைப் பெட்டைகளேனும் வீட்டில் இருக்கட்டும். மின்சாரப் பொறியின்றிக் குஞ்சு பொரிக்க அவையே நமக்குத் துணை.

மூன்றாவது, நோய். புழக்கடையை ஒரே வாரத்தில் வெறுமையாக்குவது வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய். குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா மருந்துச் சொட்டும், நாலாவது வாரத்தில் மறுபடியும் அதே மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடவேண்டும். ஒரு குப்பி மருந்து 100 கோழி அளவுக்கு வரும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் செலவாகவேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் தாய் தனியே அதை வாங்குவது எவ்வாறு? ஊரார் ஒரே நாளில் கூடினால் ஒவ்வொருவருக்கும் சில காசுகளோடு தீரும். கால்நடைத் துறையார் நடத்தும் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். சந்தேகமிருந்தால் நாமக்கல்லில் 1985 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். பழுப்பு முட்டையிடும் கோழி திடீரென்று வெளுத்த ஓட்டோடு இட்டால் அசட்டையாயிராதீர்கள். பயத்தாலோ நோயாலோ அவ்வாறு நேரலாம். அதை உடனே தனியே அடைத்துக் கவனியுங்கள்.

இனி விற்பனை. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் இருபது பெண்கள் ஒன்றுகூடிப் பட்டணத்துக்கு முட்டை அனுப்பிவந்தார்கள். அவர்களில் ஒருவர் பண்ணை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் கூடையில் கலந்துவிட்டார். வாங்கிய வீட்டில் ஓட்டைக் கழுவும்போது சாயம் கரைந்தது. அடுத்த வாரம் கூடை முழுவதும் திரும்பி வந்தது. மற்ற பத்தொன்பது பேரில் ஒருத்தி முட்டைக் காசைக்கொண்டே மகளைப் பள்ளிக்கு அனுப்பிவந்த விதவை. அவளுடைய முட்டைகளும் அந்தக் கூடையிலேயே இருந்தன.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. இதே சேலத்தில் 1876-இல் பிறந்த கே. டி. பால் அவர்கள் ஒய்.எம்.சி.ஏ. மூலம் கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கி வைத்தார். அந்த வழியில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல ஜாதிச் சேவலைப் பரப்பினார். அங்கே முட்டைகளைப் பரிசோதித்துத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்கும் சங்கமும் நடந்தது. தனியே விற்றபோது கிடைக்காத விலை அவர்களுக்குக் கூட்டாகக் கிடைத்தது.

நம் சங்கமும் இவற்றைச் செய்யலாம். இரண்டு நாளைக்கொருமுறை முட்டையைச் சேகரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, இரத்தப்புள்ளியோ கரு வளர்ச்சியோ உள்ளதை நீக்க வேண்டும். சேகரித்த தேதியையும் அங்கத்தினர் எண்ணையும் ஓட்டின்மேல் குறிக்க வேண்டும். குற்றம் கண்டால் எண்ணைக் கொண்டு உரியவரைக் கேட்கலாம். ஒருவர் பிழையால் பத்தொன்பது பேர் நஷ்டப்பட வேண்டுவதில்லை. ஒரே கூடையில் பாலேட்டு நிறமும் பழுப்புமாகப் பல நிற முட்டைகள் இருந்தால் அதைக் குறையென்று எண்ணாதீர்கள். பல வீட்டுப் புழக்கடைகளிலிருந்து வந்தவை என்று வாங்குவோருக்குச் சொல்லுங்கள்.

தடுப்பு மருந்துக்கு ஒரு நாளும், முட்டை சேகரிப்புக்கு ஒரு வீடும் இன்றே குறித்துக்கொண்டு கலையும்படி கேட்டுக்கொள்கிறேன்.