கவர்னரைக் கழற்றிய கதை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன் நான். 1788-ல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்தில் பொருத்திய கவர்னரைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். வேகம் மிகுந்தால் சுழலும் குண்டுகள் விலகும், நீராவி குறையும், வேகம் தணியும். இவ்வளவுதான் பாடம். அக்கருவியின் உண்மையான அருமையை நான் அறிந்ததோ ஓய்வு பெற்ற பின்னர், என் பழைய மாணவர் ஒருவருடைய தொழிற்கூடத்திலே.

பழைய டீசல் கார் ஒன்றின் யந்திரத்தை அவர் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார். அதன் எண்ணெய்ப் பம்பினுள்ளும் வாட்டின் வம்சத்தைச் சேர்ந்த கவர்னர் ஒன்று உண்டு. பெட்ரோல் யந்திரத்தில் காற்று வரும் வழியைக் குறுக்கி வேகத்தை அடக்குகிறோம். இவ்வகைப் பழைய டீசல் யந்திரத்திலோ காற்று தடையின்றிப் புகும். எண்ணெயின் அளவு ஒன்றே அதற்குக் கடிவாளம். யந்திரம் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு ஏறக்குறைய 33 முறை, சில பத்துக் கன மில்லிமீட்டர் எண்ணெயை அளந்து பீய்ச்ச வேண்டும். மிகுந்தால் கரும்புகை, குறைந்தால் வலுவின்மை.

குண்டுகளும் சுருள்வில்லும் இவ்வேலையைத் திறம்படவே செய்துவந்தன. ஆனால் யந்திரத்துக்குள் எவ்வளவு காற்றுப் புகுந்தது, நீர் சூடேறிவிட்டதா என்பவற்றை அவை நுட்பமாக அறியமாட்டா. 1986-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டீசலுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டை அளித்தது. காற்றின் நிறை, நீரின் வெப்பம், சுழற்சி வேகம், மிதியின் நிலை ஆகியவற்றை உணர்கருவிகள் தெரிவிக்க, சிறு கணிப்பொறி எண்ணெயளவைத் தீர்மானிக்கும்; பம்பினுள் ஒரு மின்காந்தம் அளவு வளையத்தை நகர்த்தும். வளையம் எங்கே நிற்கிறது என்பதை மற்றோர் உணர்கருவி திருப்பிச் சொல்லும். உயர் அழுத்தம் தரும் பகுதி பழையபடியே இருக்கும். என் மாணவர் செய்ய முயன்றது இம்மாற்றத்தையே.

முதல் ஓட்டத்தைக் காண என்னை அழைத்திருந்தார். யந்திரம் அமைதியாகத் துவங்கியது, புகையே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சில நிமிஷங்களில் அதிர்வினால், வளையத்தின் நிலையைச் சொல்லும் கம்பி கழன்றுவிட்டது. எண்ணெய் போதவில்லை என்று கணிப்பொறி எண்ணிக்கொண்டது. மேலும் மேலும் கொடுத்தது. யந்திரம் அலறிற்று. சாவியைத் திருப்பினார், பயனில்லை. எண்ணெயை நிறுத்தும் வால்வைச் சோதனைக்காக நேரே பாட்டரியோடு இணைத்திருந்தார்! நான் அசையாமல் நின்றேன். பௌதிகம் படித்து என்ன பயன்? அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் பாய்ந்து சென்று, ஒரு பலகையைக் காற்றுக்குழாயின் வாயில் வைத்து அழுத்தினார். மூச்சடைத்ததுபோல் யந்திரம் நின்றது.

"ஸார், கவர்னரைக் கழற்றினேன், அது செய்த காவல் வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை" என்றார் மாணவர், வெகு நேரத்துக்குப் பின். தேர்வுத்தாளில் அவர் இவ்வளவு நன்றாக ஒரு விடையும் எழுதியதில்லை.

பிறகு மூன்று ஏற்பாடுகள் செய்தார். மின்சாரம் அறுந்தால் வளையத்தைச் சுருள்வில் ஒன்று எண்ணெயற்ற நிலைக்கு இழுத்துவிடும். உணர்கருவி பொருந்தாத செய்தி தந்தால் கணிப்பொறி தானே வால்வை மூடும். கணிப்பொறியையும் நம்பாமல், வால்வுக்குத் தனியாக ஒரு கைப்பொத்தான். அடுத்த முறை ஓடும் யந்திரத்திலிருந்து ஒவ்வொரு கம்பியாக அவரே உருவிப் பார்த்தார். மெக்கானிக் பலகையுடன் அருகில் நின்றார். நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாசலில் நின்றேன். ஒவ்வொரு முறையும் யந்திரம் ஒழுங்காக அடங்கியது.

கார் இன்னும் சாலைக்கு வரவில்லை. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே யந்திரம் தாங்கியிலேயே இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பையன்கள் அதில் கம்பிகளை உருவிப் பழகுகிறார்கள். அந்தப் பலகையும் பக்கத்திலேயே சாத்தியிருக்கிறது.